கிழிய வேண்டிய வலை

அந்தப் பையை மேல வெக்காதீங்க தம்பி, முருங்கக்கா ஒடிஞ்சு போயிரும். என்ற மடியிலயே இருக்கட்டும். கொஞ்சம் நீளந்தான், உங்க மூஞ்சிக்கு நேரா வருது, தெரியுதுங்க. கரூர் வரைக்கும் பொறுத்துக்கோங்க. நீங்க கரூருங்களா? இல்லையா? கோயமுத்தூர்ல இருந்து திருச்சிக்கா. ரொம்ப நல்லதுங்க. கரூர்ல ஒறம்பரை, சொந்தக்காரங்க யாராச்சும்? யாருமில்லையா. அப்ப உங்ககிட்டச் சொல்லலாம்.

இன்னைக்கு ஒரு பொய் சொல்லிப்போட்டேனுங்க. இப்பத்தான், தென்னிலையில, ஒருத்தி வீட்டுல உக்காந்து. சிரிக்காதீங்க. நாளைக்குப் பத்துப் பொய் சொல்றவனுக்கு அது ஒண்ணுமில்லை. எனக்கு அம்பத்தாறு வயசாவுது, எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க. கம்பெனியில யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. கேக்க வேண்டாம், ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

கொசுவலைக் கம்பெனிங்க. பேரு எதுக்கு. முதலாளி என்ற மச்சினன், சம்சாரத்தோட தம்பி, சிவமலை. அடடா, பேரைச் சொல்லிட்டேனா? போச்சாது, கரூர்ல சிவமலை நெறையப் பேரு. அவன் ஏவாரத்தைப் பாத்துக்குவான், நான் மிசின் பக்கம். இருவத்திரண்டு வருசமா எங்க கம்பெனியில ஒரு வலை வெளிய போவோணும்னா என்ற கையில பாஸாவோணும். அதுக்கு மீட்டரு கீட்டரு எதுவும் கெடையாதுங்க. வலையை இழுத்துப் புடிச்சு இந்தக் கட்டவெரலை வெச்சு ஒரே அமுக்கு. வெரல் உள்ள போச்சுன்னா அந்த ரோலே வேண்டாம். ஒரு வலை கிழிஞ்சு திரும்பி வந்துச்சுன்னு என்ற காலத்துல இல்லவே இல்லைங்க.

அப்பிடி இருக்கறப்பத்தான் அமெரிக்காவுல இருந்து ஒரு ஆர்டரு வந்துச்சு. விஸ்கான்சின்னு ஒரு ஊரு. ஊரா, மாநிலமா, என்னமோ. அங்க வெண்டல்னு ஒருத்தரு, டெண்டு தெச்சு விக்கிறவரு. என்ற மச்சினன் வாயில அது வெண்டக்கான்னுதான் வரும். படுக்கற டெண்டு இல்லீங்க, மான் வேட்டைக்கு. இங்க மானைத் தொட்டா ஜெயிலு, அங்க சீட்டு வாங்கிட்டா அடிக்கலாமாம். அதுவும் துப்பாக்கி இல்லீங்க, வில்லு அம்பு. நம்மூர்ல ஓட்டுப் போடறதுக்கு அட்டையில மறைப்பு வெப்பாங்கல்ல, அதை நாலு பக்கமும் நிறுத்தி மேல மூடுனாப்புல ஒரு கூண்டு. அதைத் தரையில போட்டு உள்ள உக்காந்துக்கறது. நாலு பக்கமும் சன்னலு, சன்னலுக்கு வலை. அந்த வலைக்குத்தான் ஆர்டரு. வெளிய இருந்து பாத்தா இலை தழை பிரிண்ட்டு, உள்பக்கம் கறுப்பு. மானுக்கு நம்மளத் தெரியாது, நமக்கு மான் தெரியும். வலையைத் தூக்குனா அந்த அசைவுக்கே மான் ஓடீருமுன்னு அம்பை வலை வழியாவே விட்டுருவாங்களாம்.

வெண்டல் அனுப்புன காகிதத்துல ஒத்தை இழைன்னு இருந்துச்சு. எங்க மயிலாத்தா ஒத்தை இழையில ஓட்டிக் கொண்டாந்து காட்டுனா. மயிலாத்தாங்கறது மிசின் ஓட்டுற பொண்ணுங்க. பொண்ணுன்னா நாப்பது நாப்பத்திரண்டு இருக்கும். பதினாலு வருசத்துக்கு முன்னாடி நாந்தான் கூட்டியாந்து வேலைக்குச் சேத்தேன், என்னை அண்ணா அண்ணாம்பா. வெரலை வெச்சேன். பொத்துன்னு போயிருச்சு. "என்னம்மா இது, எட்டுக்கால் பூச்சி கட்டுனாக்கூட இதுக்கு மேல நிக்குமே. ரெட்டை இழை போடு"ன்னேன்.

"இல்லீங்கண்ணா, அவங்க கேக்குறதே அம்பு பட்டாக் கிழியோணும்னுதானாம். ஆபீஸ்ல படிச்சுக் காட்டுனாங்க"ன்னா.

தம்பி, நீங்களே சொல்லுங்க. கிழியறதுக்குன்னு ஒருத்தன் வலை கேப்பானா? ஆபீஸ்ல இருக்குற புள்ளைங்க இங்கிலீஸைத் தப்பாப் படிச்சிருக்கும்னு நெனச்சேன். "நம்ம வலை கிழிஞ்சுதுன்னு பேரு வாங்கறதுக்கா இருக்கோம்? போடும்மா"ன்னேன். போட்டா. கூடுதல் நூலு நம்மளது, அவருக்கு இனாமு. நல்ல எண்ணத்துல பண்ணுனதுங்க அது.

சரக்குப் போயி கொஞ்ச நாள்ல வெண்டல்கிட்ட இருந்து மெயிலு. வாங்குனவங்க எழுதறாங்களாம், அம்பு கோணிக்கிட்டுப் போவுதுன்னு. சண்டையில்லை, வையலை. யாராச்சும் ஒருத்தரு வாங்க, எங்கூட வேட்டைக்கு உக்காந்து நீங்களே பாருங்கன்னு எழுதியிருந்தாரு. சிவமலை என்னையப் பாத்து, "நீங்கதான் போவோணும் மச்சான், வலையைப் பத்தி உங்களுக்கு மேல யாருக்குத் தெரியும்"னான். அது உண்மைதானுங்களே.

போனேன். வெண்டலுக்கு எழுவது வயசு இருக்கும். ஆறடிக்கு மேல, பேச்சு கம்மி, சம்சாரம் தவறீட்டாங்க. எனக்கு இங்கிலீஸ் பேசுனாக் கொஞ்சம் புரியும், வாயில வராது. அவரு போன்ல பேசுவாரு, போனு அதைத் தமிழ்ல சொல்லும், செய்தி வாசிக்கிற பொம்பளை கொரல்ல. காலையில எந்திரிச்சு வந்தா, "ஐயா, தாங்கள் நன்றாக உறங்கினீர்களா?"ன்னு கேக்கும். கண்ணாலமாயி முப்பது வருசத்துல என்ற சம்சாரம் ஒரு நாளு அப்பிடிக் கேட்டதில்லைங்க.

மொதல் நாளு வீட்டுக்குப் பின்னால கூண்டைப் போட்டு, இருவது தப்படி தள்ளி ஒரு ஸ்பாஞ்சு மூட்டையை வெச்சாரு. வில்லுன்னா சாமி படத்துல இருக்குற வில்லு இல்லீங்க. ரெண்டு முனையிலயும் கெணத்துக் கப்பியாட்ட உருளை வெச்சு, கம்பியெல்லாம் குறுக்க நெடுக்க ஓடுது. என்ற வலை வழியா அஞ்சு அம்பு விட்டாரு. அஞ்சும் நட்ட நடுவுல. பாத்தீங்களான்னேன். அவரு ஆமான்னு மண்டைய ஆட்டுனாரு. அது பழகறதுக்கு வெச்சிருக்குற அம்பு, முனை பென்சிலாட்டக் கூரா இருக்கும். வேட்டை அம்புல முனையைச் சுத்தி மூணு பிளேடு இருக்கும், அது வலையில மாட்டும்ங்கறது எனக்கு அப்பத் தெரியாதுங்க. தெரியாததுக்கு நான் என்ன பண்ண முடியும்.

அப்பப் போனை எடுத்து ஒண்ணு கேட்டாரு. "காகிதத்தில் குறிப்பிட்ட நூலும் இந்த நூலும் ஒன்றுதானா?"ன்னு கேட்டுச்சு போனு. நான், "நல்ல நூலுங்க"ன்னேன். நல்ல நூல்தானுங்களே? அதுல எங்க பொய் இருக்குது? போனு அதை இங்கிலீஸ்ல சொல்லுச்சு. அவரு என்ற கையைப் புடிச்சுக் குலுக்குனாரு. எங்க மேல தப்பில்லை, வாங்குனவங்களுக்குத்தான் குறி பாக்கத் தெரியலைன்னு முடிவு பண்ணிட்டாருன்னு நெனைக்கிறேன். மனுசனை நம்புற மனுசனுங்க அவரு.

அப்புறமும் என்னைய அனுப்பலை. வந்தது வந்துட்டீங்க, ஒரு மானைப் பாத்துட்டுப் போங்கன்னுட்டாரு. ரெண்டு நாளு காலையில போயி உக்காந்தோம். ஒண்ணும் வரலை. ஒரு அணில் வந்துச்சு, நம்மூரு அணிலைவிட மூணு பங்கு பெருசு. எனக்குக் கறுப்புச் சட்டை குடுத்திருந்தாரு, உள்ள கறுப்பா இருக்கறதால. கறுப்புச் சட்டைக்கு நம்மூர்ல வேற அர்த்தம், அங்க அதெல்லாம் யாரு பாக்குறா. மூணாம் நாளு சனிக்கெழமை. பொரட்டாசிச் சனி தம்பி. பொறந்ததுல இருந்து பொரட்டாசிச் சனிக்குத் தாந்தோணிமலைப் பெருமாள் கோயிலுக்குப் போவாம இருந்ததில்லை. அங்க மலை இல்லைன்னாலும் குளிச்சிட்டு நெத்தியில நாமத்தைப் போட்டுட்டு வந்து நின்னேன். வெண்டல் பாத்துட்டு, போனு சொல்லுது, "மன்னிக்கவும், வெள்ளை நிறம் மானின் கண்ணுக்குத் தெரியும்." நாமம் போடக் கூடாதுங்கறாரு. நான் இது வரைக்கும் யாருக்கும் நாமம் போட்டதில்லைங்கன்னு சிரிச்சிட்டே சொன்னேன். போனு அதை என்னன்னு மாத்துச்சோ, அவரு ரொம்ப நேரம் ஓசனை பண்ணிட்டு, "ஓகே"ன்னாரு. அழிச்சிட்டுப் போனேன். எண்ணெயும் தடவ விடலை, மானுக்கு வாசம் அடிக்குமாம்.

விடிஞ்சு ஒரு மணி நேரம் இருக்கும். சத்தம் போடக் கூடாதுன்னு போன் கொரலை அமத்தி, எழுத்தா மட்டும் காட்டுனாரு. "வருகிறது. தயவுசெய்து மூச்சு விட வேண்டாம்." நான் மூச்சை நிறுத்திட்டேன். அது கொஞ்சமா விடுங்கன்னு சொல்ல வந்திருக்கும்.

மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்து வந்துச்சுங்க. கொம்பு வெச்ச கெடா. எருமைக்கன்னு அளவுக்கு இருக்கும், ஆனா நடக்குற சத்தமே இல்லை. ரெண்டடி வெக்கும், நிக்கும், காதைத் திருப்பும். அப்பிடியே கூண்டைப் பாத்துச்சு. கூண்டைன்னா என்னைய. என்ற கண்ணுக்கு நேராப் பாத்துச்சு, ஆனா என்னையத் தெரியலை அதுக்கு. இருவத்திரண்டு வருசமா வலை பண்றேன், அன்னைக்குத்தான் தம்பி என்ற வலை வேலை செய்யறதை நான் பாத்தேன். கொசுவலைக்குள்ள படுத்தா நாமதான் கண்ணை மூடிக்கறோமே. எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம். இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அது, நடுவுல நம்ம கரூர் சரக்கு.

வெண்டல் அம்பை விட்டாரு.

வலையில சர்ருன்னு ஒரு சத்தம். மொதல் நாளு ஸ்பாஞ்சு மூட்டைக்கு விட்டப்ப அந்தச் சத்தம் வரலைங்க. மான் ஒரு தவ்வு தவ்வி, முதுகை வளைச்சிட்டு ஓடுச்சு. வெண்டல் வில்லைக் கீழ வெச்சாரு. சன்னலைப் பாத்தா, வலை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கிழிஞ்சிருக்குது. முழுசாக் கிழியலை, பாதி. அப்பக்கூட எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா? பரவால்லையே, அம்பையே புடிச்சிருக்குதேன்னுதான் தோணுச்சு.

வயித்துல பட்டிருக்குது. கீழ் வயித்துல. உடனே பின்னாலயே போவக் கூடாதாம், தொரத்துனா ஓடீட்டே இருக்கும், இன்னும் நோவும்னு, வெயில் ஏறுற வரைக்கும் அந்தக் கூண்டுக்குள்ளயே உக்காந்திருந்தோம். அவரு போனைப் பைக்குள்ள போட்டுட்டாரு. அப்புறம் வெளிய வந்து தேடுனோம். ஒரு எலையில ஒரு சொட்டு ரத்தம், நாலு தப்படி தள்ளி இன்னொண்ணு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும், ஒரு ரோலுல ஒரு இழை விட்டிருந்தாலும் தூரத்துல நின்னே சொல்லுவேன். பாதிக்கு மேல நாந்தான் கண்டுபுடிச்சேன். அதுக்கு ஒருக்கா தேங்ஸ் சொன்னாரு.

ஓடைக்கரையில படுத்திருந்துச்சுங்க. சாகலை. தலையைத் தூக்கி எங்களைப் பாத்துச்சு. இந்த வாட்டி நடுவுல வலை இல்லை. காலையில இருந்து அது அந்த நோவோட அங்க கெடந்திருக்குது. நான் திரும்பி நின்னுட்டேன். அவரு முடிச்சாரு.

திரும்பிப் பாத்தா, தொப்பியைக் கழட்டி வெச்சிட்டு அதும் பக்கத்துல முட்டி போட்டு ஏதோ பேசறாரு. சாரிங்கற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டுச்சு. மானுகிட்டச் சொல்றாருங்க. நான் சும்மா நின்னேன். அம்பு விட்டவருதான சொல்லோணும்.

கூண்டுக்குத் திரும்பி வந்து, கிழிஞ்ச எடத்துல கத்தியால ஒரு துண்டு வெட்டி எடுத்தாரு. நகத்தால ஒரு இழையைப் பிரிச்சாரு. அது ரெண்டாப் போச்சு. என்ற மூஞ்சிக்கு நேராப் புடிச்சு, "டூ"ன்னாரு.

நான், "ஸ்ட்ராங்"குன்னேன்.

அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பாஷை இல்லைங்க.

ஊருக்கு வந்ததும் சிவமலை எல்லாரையும் மிசின்கிட்டயே கூட்டி நிறுத்திட்டான். வெண்டல் அதுக்குள்ள மெயில்ல எழுதீட்டாரு, நூல் ரெட்டையா இருக்குதுன்னு. வையலை அப்பவும். "இந்த ஆர்டருக்கு ரெட்டை இழை போட்டது யாரு?"ன்னு சிவமலை கத்துறான். எல்லாரும் என்னையப் பாக்குறாங்க, ஏன்னா நாந்தான அங்க சூப்பர்வைசரு. நான் சொன்னேன், "மிசின்ல மயிலாத்தா இருந்தா"ன்னு. உண்மைதானுங்களே? மிசின்ல அவதான இருந்தா? வேற யாரு இருந்தா? கேட்டதுக்குப் பதிலு. அப்புறம் அந்த மான் கதையையும் சொன்னேன், கொம்பு வெச்ச கெடா ஓடைக்கரையில கெடந்தது, தலையைத் தூக்கிப் பாத்தது வரைக்கும். வேலையில கவனம் இல்லைன்னா என்ன ஆவும்னு மத்தவங்களுக்கும் தெரியோணுமில்ல. எல்லாரும் உச்சுக் கொட்டுனாங்க. அவ கேட்டுட்டு நின்னா. வாயைத் தொறக்கலை. தொறந்திருந்தா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? சிவமலை அன்னைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்திட்டான். முடிவு அவனுது, நான் அதுல தலையிடலை.

இது நடந்து மூணு மாசம் ஆச்சு. வெண்டல் மறுபடியும் ஒரு வாய்ப்புக் குடுத்தாரு, ஒத்தை இழையில ஓட்டி அனுப்புங்கன்னு. அப்பத்தான் தெரிஞ்சுது, அந்த இழையை ஓட்டறதுக்கு ஒரு கை வேணும். புதுசாப் போட்ட பையன் ஓட்டுனா அறுந்து அறுந்து போவுது. நான் உக்காந்தேன், எனக்கும் அறுந்துச்சு. இருவத்திரண்டு வருசமா வலையை நிக்க வெக்கத்தான் எனக்குத் தெரியும் தம்பி. சிவமலை சொல்லிட்டான், "மயிலாத்தா வந்தாத்தான் ஆவும். நீங்கதான் கூட்டியாந்து சேத்தீங்க, நீங்களே போயிக் கூட்டியாங்க மச்சான். வரலைன்னா இந்த ஆர்டரு நம்மளது இல்லை"ன்னு.

அதான் இன்னைக்குப் போனேன். வீட்டு வாசல்ல உக்காந்து முருங்கக்காயைக் கட்டுக் கட்டிட்டு இருந்தா. இப்ப அவளுக்குத் தோட்டத்து வேலைதான். என்னையப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்கண்ணா"ன்னு சேரைத் தொடச்சுப் போட்டா. காப்பி வெச்சுக் குடுத்தா. முதலாளி வரச் சொல்றாரும்மான்னேன். அவ வேலையைப் பத்திக் கேக்கலை. சம்பளத்தைக் கேக்கலை. எப்பிடியும் கேப்பான்னு நெனச்சு, பஸ்ஸுலயே அதுக்கெல்லாம் பதில் ஓசனை பண்ணி வெச்சிருந்தேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"அண்ணா, அந்த மான் செத்துப்போச்சுங்களா?"

மூணு மாசமா அதை நெனச்சுட்டே இருந்திருக்கிறா. முருங்கக்காய் கட்டறப்பவும் அதேதானாம், சோறு எறங்கலையாம். கண்ணெல்லாம் குழிஞ்சு கெடக்குது. எனக்கு மனசு கேக்கலைங்க. "இல்லம்மா, எங்க சாவுது. பொழச்சுக்கிச்சு. காயமெல்லாம் ஆறி, இப்ப குட்டி போட்டுருக்குதாம், வெண்டல் எழுதியிருக்காரு"ன்னேன். இதாந் தம்பி அந்தப் பொய். ஒரு நல்லதுக்குச் சொன்னது. பொழச்சுக்கிச்சுங்கறதோட நிறுத்தியிருந்தாச் சரியாப் போயிருக்கும். குட்டி எங்கிருந்து வாயில வந்துச்சுன்னு தெரியலை.

அவ என்னையவே பாத்தா. "கொம்பு வெச்ச கெடான்னு சொன்னீங்களேண்ணா?"

"அந்த ஊர்ல பொட்டைக்கும் கொம்பு இருக்குமும்மா"ன்னேன். இது மொதப் பொய்யோட சேந்தது, தனியா இல்லை.

அவ கீழ குனிஞ்சு நல்ல காயாப் பாத்துப் பொறுக்கி இந்தப் பையில போட்டா, "அண்ணிக்குக் குடுங்க"ன்னு. திங்கக்கெழமை வர்றேன்னுட்டா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. எந்திரிச்சு நின்னேன். அப்பச் சொல்றா.

"எங்க வீட்டுக்காரரு அன்னைக்கே கம்பெனிக்குக் கெளம்பிட்டாருங்கண்ணா, சண்டைக்கு. உன்ற அண்ணன் போடச் சொல்லித்தான நீ போட்டே, அதை அங்க சொன்னா என்னன்னு. நாந்தான் வேண்டாம்னு கையைப் புடிச்சு உக்கார வெச்சேன். அண்ணனுக்கு எத்தனை வேலை, போடச் சொன்னதை மறந்திருப்பாரு, தெரிஞ்சு சொல்ற ஆளு இல்லை அவருன்னு சொன்னேன். மறந்துதானுங்களேண்ணா போச்சு?"

என்ற பதிலுக்குக்கூட அவ நிக்கலைங்க. காப்பி டம்ளரை எடுத்துட்டுத் தண்ணித் தொட்டிக்குப் போயிட்டா. வெக்கமா இருந்துச்சு தம்பி, இந்த வயசுல அப்பிடி ஒரு வெக்கம். அவ முதுகைப் பாத்து, "மறந்துதான் போச்சும்மா"ன்னேன். டம்ளர் கழுவுற சத்தத்துல அவளுக்குக் கேட்டுச்சோ என்னமோ.

எனக்கு மறதியே கெடையாதுங்க. இருவது வருசத்துக்கு முன்னாடி எந்த மிசின்ல என்ன நூலு ஓட்டுனோம், யாரு ஓட்டுனா, நான் என்ன சொன்னேன், எல்லாம் சொல்லுவேன். வேணும்னா ஏதாச்சும் ஒண்ணு கேட்டுப் பாருங்க தம்பி. கரூர் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்குது. கேளுங்க.